பேரரசு விளையாட்டில் தேர்ச்சி பெறுமாறு

பன்னாள் பழகிய தொழிலில் ஒருவன் வல்லவனாதல் இயல்பு என்று உலகோர் கூறுவர். அக்கூற்றில் ஒருபாதியே உண்மை உளது. பழக்கம் கைக்கு விரைவு தரும்; கருத்துக்குத் தெளிவு தருமென்று சொல்வதற்கில்லை. செக்கு மாடு நாள் முழுதும் நடக்கின்றது. ஆயினும் ஓர் ஊரும் போய்ச் சேர்ந்ததில்லை. இவ்வுண்மையை, மாணவர் பலர் மாலையிலும் விடுமுறையிலும் விரும்பியாடும் கணினி விளையாட்டு ஒன்றன்மேல் வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்விளையாட்டு ‘சிவிலைசேஷன்’ என்பது. 1991-ஆம் ஆண்டில் சிட் மையர் என்பார் புரூஸ் ஷெல்லி என்பாரோடு கூடி அமைக்க, மைக்ரோபுரோஸ் நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். அதன் வழிவந்த ஆறாம் பகுதி 2016-இலும், ஏழாம் பகுதி 2025-இலும் பிராக்சிஸ் நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்று வெளிவந்தன. ஏழாம் பகுதியில் சோழரும் ஆடுதற்குரிய நாகரிகங்களுள் ஒன்றாக இடம்பெற்றமை தமிழர்க்கு மகிழ்ச்சி தருவதாம். எனினும் யாம் இங்குக் கூறுவன ஆறாம் பகுதியைப் பற்றியனவே.

கி.மு. 4000-இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடும் ஒரு சிறு படையோடும் ஆட்டம் தொடங்குகின்றது. நகரமைத்து, உழவும் கல்வியும் வாணிகமும் பெருக்கி, அண்டை அரசரோடு நட்டோ பகைத்தோ பேரரசாக ஓங்குதல் ஆடுவோன் கருத்து. தனித்தாடும்போது, அவன் தன் முறையை முடித்தாலன்றி ஆட்டம் நகராது. ஆதலின் இதில் விரலின் விரைவுக்கு வேலையில்லை; எண்ணத்துக்கே வேலை.

இவ்விளையாட்டில் கடினப் படிகள் எட்டு. அடியிலுள்ளது ‘செட்லர்’, நான்காவது ‘பிரின்ஸ்’, உச்சியிலுள்ளது ‘டெயிட்டி’. பல நூறு மணி நேரம் ஆடியும் பிரின்ஸ் படியைக் கடவாதார் உளர். மேற்படிகளில் கணினி கூர்த்த மதி பெற்றுவிடுகின்றது, அதனோடு நம்மால் இயலாது என்பது அவர் கூறும் காரணம். இது பொருந்தாது. படி உயர உயரக் கணினிக்கு மதி மிகுவதில்லை, சலுகையே மிகுகின்றது. டெயிட்டியில் எதிரரசர் ஒவ்வொருவரும் மூன்று குடியேற்றக் கூட்டங்களோடு தொடங்குவர். அவர்தம் ஆக்கமும் பொன்னும் 80 விழுக்காடு மிகுந்து வரும். ஆகவே அப்படியில் வெல்பவன் தன்னினும் அறிவுடையானை வெல்கின்றானல்லன். தன்னினும் செல்வமுடையானை வெல்கின்றான். செல்வர் வீண்செலவு செய்தும் பிழைப்பர், வறியவன் பிழையான். ஆதலின், இவ்விளையாட்டில் தேர்ச்சியாவது தன் வீண்செலவைத் தானே கண்டு நீக்குதல் என்பதே எம் துணிபு.

அவ்வீண்செலவு எங்கெங்கு ஒளிந்திருக்கும்? திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வேந்தர்க்கென அவர் வகுத்த அம்முறை, திரையில் அரசாள்வார்க்கும் பொருந்துவதாதலின், அவற்றுள் இறுதியினின்று தொடங்குவோம்.

முதலாவது இடம். நன்னீர்க் கரையில் அமைத்த நகருக்குத் தொடக்கத்திலேயே 5 குடியிருப்பு அளவு உண்டு; கடற்கரை நகருக்கு 3; நீரற்ற நகருக்கு 2. குடியிருப்பு நிரம்பும் தறுவாயில் மக்கட்பெருக்கம் பாதியாகக் குறையும், நிரம்பிவிட்டால் காற்பங்காகும். இனி, ‘டிஸ்டிரிக்ட்’ எனப்படும் நகர்ப்பகுதிகளை எடுத்துக்கொள்வோம். கல்விக்குரிய ‘கேம்பஸ்’ மலையை ஒட்டி அமைந்தால், ஒட்டிய மலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு மிகும். வாணிகப் பகுதி ஆற்றை ஒட்டி அமைந்தால் 2 மிகும். அமைத்தபின் இடம் மாற்ற வழியில்லை. எனவே நகரமைக்கும் முன்னரே, எப்பகுதி எக்கட்டத்தில் அமையும் என்று மனத்தால் வரைந்து பார்த்தல் வேண்டும். பார்த்த மாத்திரத்தில் அழகிய நிலமென்று குடியேறுவோன், நூறு முறை சென்றபின் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது காலம். புதிதாய் ஆடுவோர் உலக அதிசயங்களில் பெருங்காதல் கொள்கின்றனர். ஸ்டோன்ஹெஞ்ச் கட்ட ஆகும் செலவு 180; முதலில் ஆக்கும் குடியேற்றக் கூட்டத்துக்கோ 80 போதும். உலகில் ஒருவரே கட்டக்கூடிய அவ்வதிசயத்துக்காக முப்பது முறை உழைத்து, அதனை எதிரி முந்திக் கட்டிவிடக் கண்டு மனமுடைவோர் பலர். அந்நேரத்தில் ஒரு நகர் எழுந்திருக்கும். அந்நகர் ஆட்டம் முடியுமளவும் விளைவு தந்துகொண்டிருக்கும். முன்னே விதைத்தது பல போகம் விளையும் என்பதை உழவர் நாட்டார்க்கு யாம் விரிக்க வேண்டுவதில்லை. குடியேற்றக் கூட்டங்களை 50 விழுக்காடு விரைந்து ஆக்கும் ‘காலனைசேஷன்’ என்னும் ஆட்சிக்கொள்கை கிடைத்தவுடன் அதனை ஏற்று, அக்காலத்திலேயே அவற்றைப் பெருக்குதல் அறிவுடைமை. நகர்ப்பகுதிகளின் செலவோ நாம் கற்குங் கலைகள் பெருகப் பெருக ஏறும். ஆயினும் அடித்தளம் இட்ட அன்றே அச்செலவு நிலைபெற்றுவிடும். இதனை அறிந்தவன் கட்டி முடிக்கப் பொழுதில்லாதபோதும் அடித்தளமிட்டு வைப்பான். ‘யூரேகா’ என்னும் தூண்டுகோலும் இத்தகையதே: கவண்வீரரால் ஒரு பகைப்படையை வீழ்த்தினால் வில்வித்தையிற் 40 விழுக்காடு தானே வந்தெய்தும். நாளைச் செய்யும் செயலை இன்றறிந்து ஒழுங்குபடுத்துவோனுக்குக் கலைகள் பாதி விலைக்குச் சற்று மேலாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது வலி. எதிரரசர் கோநகரெல்லாம் கவர்ந்து வெல்லலாம். விண்வெளிக்கலம் விடுத்து வெல்லலாம். சமயம் பரப்பியோ, பிறநாட்டாரைத் தன் கலைகாண ஈர்த்தோ வெல்லலாம். நான்கினையும் சிறிது சிறிது செய்வோன் நான்கிலும் பின்தங்குவான். தன் நாட்டின் இயல்பும் நிலத்தின் இயல்பும் நோக்கி, ஆட்டத்தின் முற்பகுதியிலேயே ஒன்றைத் துணிதல் வேண்டும். மாற்றான் வலியை அறிதலும் வேண்டும். திரையின் மேற்புறத்தே எதிரரசர் ஒவ்வொருவர் உருவத்தின் கீழும் அவர் படைவலி எண்ணாற் காட்டப்பெறுதல் உண்டு. அதனைப் பத்து முறைக்கு ஒருகாலேனும் நோக்குவார் எத்துணையர்?

ஈண்டு ஒரு வழக்கத்தை யாம் கண்டிக்கத் துணிகின்றோம். நகரொன்று பகைவர் கைப்பட்டவுடன், முன் சேமித்த நிலைக்கு மீண்டு, அப்பகுதியைத் திருத்தி ஆடுதல் பலர் வழக்கம். “கணக்குத் தவறினால் அழித்துப் போடுவதில்லையா? அதுவும் கல்வியன்றோ?” என்று அவர் வினவுவர். தவறிய வரியைக் கண்டு அழிப்பவன் கற்கின்றான் என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் இவர் அழிப்பது கடைசி வரியை மட்டுமே. அறுபதாம் முறையில் நகர் வீழ்ந்ததென்றால், ஐந்து முறை பின்சென்று இரண்டு வில்வீரரை விலைக்கு வாங்கி அதனைக் காத்துக்கொள்வர். பிழை நிகழ்ந்ததோ முப்பதாம் முறையில், அண்டையான் படைவலி ஏறுவதை நோக்காது விட்ட அப்பொழுதில். நகர் காக்கப்பட்டது, பிழையும் உடன் காக்கப்பட்டது. அடுத்த ஆட்டத்தில் அது மீண்டும் தலைகாட்டும். தோல்வியை முற்றும் ஏற்று, அது முளைத்த இடத்தைத் தேடிச் செல்வோனுக்கு ஒரு தோல்வியே பத்து வெற்றிகளினும் மிகக் கற்பிக்கும்.

வல்லார் வகுத்த வரிசையை அப்படியே பின்பற்றுவோரும் உளர். இன்ன முறையில் இன்னது செய்க என்று அவ்வரிசை சொல்லும்; ஏன் என்று சொன்னாலும் இவர் அதனைக் கேளார். ஒவ்வோர் ஆட்டத்திலும் உலகம் புதிதாய்ப் படைக்கப்படுகின்றது. மலையுள்ள நிலத்துக்கு எழுதிய மருந்து, கடல்சூழ் தீவில் நஞ்சாதலும் கூடும். காரணத்தைக் கற்றவன் எந்நிலத்திலும் ஆடுவான். வரிசையைக் கற்றவன் அந்நிலம் வாய்க்கும் நாளை எதிர்பார்த்திருப்பான்.

ஆகவே எம் கருத்திற் சிறந்த வழி இது. ஐம்பதாம் முறையிலும் நூறாம் முறையிலும் ஆட்டத்தை நிறுத்துக. நகர்கள் எத்தனை, கல்வி எவ்வளவு, எதிரர் நிலை யாது என ஒரு தாளிற் குறிக்க. குறைந்தது எதுவோ அதற்குரிய காரணத்தை ஒரு வரியில் எழுதுக. அடுத்த ஆட்டத்தில் அவ்வொரு பிழையை மட்டும் நீக்க முயல்க. பிரின்ஸ் படியில் ஐயமின்றி வென்ற அன்றே ஒரு படி மேலேறுக; எளிய வெற்றி இனியது, ஆயின் அது கற்பிப்பது ஒன்றுமில்லை.

“விளையாட்டுக்கும் இத்துணைப் பாடா?” என்று சிலர் நகைப்பர். ‘இன்னும் ஒரு முறை’ என்று விடியுமளவும் அமர்ந்திருப்பாரை யாவரும் அறிவர். சோர்ந்த கண் வரைபடத்தைப் பாராது; சோர்ந்த கை ஆராயாமல் முறை முடிக்கும் பொத்தானையே அழுத்திக்கொண்டிருக்கும். அங்ஙனம் பத்து ஆட்டம் ஆடுவதனினும், எண்ணி ஓராட்டம் ஆடி எழுந்துபோதல் இன்பத்திலும் குறைந்ததன்று, பொழுதும் மிஞ்சும். எண்ணி ஆடுதல் விளையாட்டைச் சுமையாக்குவதில்லை. நம் பொழுதைத் தின்னவிடாமல் அதனை விளையாட்டாகவே நிறுத்துவது அதுவே.

நண்பர்காள்! செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டியவர் பிறர். நமக்கு அக்கட்டை அவிழ்க்கும் கை நம்மிடமே உளது. அடுத்த முறை ஒரு நகர் வீழ்ந்தால், மீளும் பொத்தானை நாடாது, ‘இஃது எப்போது தொடங்கிற்று?’ என்று ஒருகால் வினவிப் பார்மின்.