அடிபட்ட தசையும் அவசரத் தீர்ப்பும்

கணபதிப் பட்டறையிலோ, பீளமேட்டு ஆலையிலோ, சோமனூர்த் தறிக்கூடத்திலோ ஒரு தொழிலாளியின் தொடையில் இரும்பு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறியவில்லை, சதைதான் நசுங்கியது. மூன்று வாரம் கழித்து அங்கே கட்டி திரளுகிறது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். "புற்றாக இருக்கலாம்" என்று சீட்டு வருகிறது. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியுமா?

எரியாது! ஆனால் அந்தச் சீட்டு சொல்வதெல்லாம் உண்மைதானா என்று நாம் கேட்கிறோம்.

நசுங்கிய தசை சும்மா கிடப்பதில்லை. தசைநாரை ஒட்டி உறங்கும் துணை உயிரணுக்கள் (1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டறிந்தவை) விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று கூடிப் புதுநாராகின்றன. அந்த வேளையில் நுண்ணோக்கியில் பார்த்தால் பெருத்த கருக்கள், ஒரே உயிரணுவில் பல கருக்கள். அத்தனையும் புற்றின் சாயல்! இடிந்த வீட்டைக் கட்டவந்த கொத்தனாரைக் கன்னம்வைக்க வந்த கள்ளனென்று கூவுவது போன்றதுதான் இது.

சிலருக்குத் தசைக்குள் எலும்பே முளைக்கும். அதன் நடுவை மட்டும் கிள்ளிப் பார்த்தால் எலும்புப் புற்றென்றே தோன்றும். முதிர்ந்த எலும்பு ஓரத்தில் இருக்கும். இதை 1958இலேயே அமெரிக்க மருத்துவ அறிஞர் ஆக்கர்மன் எடுத்துக்காட்டினார். சில வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் முட்டையோடு போல அந்த விளிம்பு தெரியும்.

கண்ணாடிச் சில்லைப் பார்க்கும் மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கைக்கு வரும் தாளில் வயதும் "தொடைக் கட்டி" என்பதும் இருக்கும். அடிபட்ட நாள் இராது. ஏன் இராது? வேலை போய்விடுமென்று தொழிலாளி மறைக்கிறான். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டதைச் சொன்னால் திட்டு விழுமென்றும் மறைக்கிறான். அழுத்தி உருவுவது அந்த எலும்பு வளர்ச்சியை மிகைப்படுத்தக்கூடும் என்று அவனுக்குச் சொன்னவர் யார்? ஈ.எஸ்.ஐ. விதிப்படி விபத்தை அறிவிக்க வேண்டிய முதலாளிகளில் எத்தனை பேர் ஒழுங்காக அறிவிக்கிறார்கள்?

அடிபட்டதால் வந்ததுதானே என்று கட்டியை ஆண்டுக்கணக்கில் சுமப்பதும் மடமையே. மெய்யான புற்றும் சிலவேளை அடிபட்ட பிறகுதான் கண்ணில் படுகிறது. ஆகவே சோதனை வேண்டும். அவசரத் தீர்ப்பு வேண்டாம்.

சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையாயினும், மாவட்ட மருத்துவமனையாயினும், சோதனைத் தாளில் அடிபட்ட நாளுக்கென ஒரு கட்டம் இருக்கவேண்டும். ஐயமிருந்தால், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்துக்குச் சில்லை அனுப்பி இரண்டாம் கருத்துப் பெறவேண்டும். காலை எடுப்பதற்கு முன் அதைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டென்று மருத்துவமனைச் சுவரில் தமிழில் எழுதி வைக்கட்டும்.