ஒளித்து வைத்தால் வழக்கு ஓடிவிடாது



பெரியகல்லாறு, கல்முனைப் பக்கம் சிலர் சொல்லும் புத்தி: "அழைப்பாணைய எடுக்காத. தீர்ப்பு வந்தா அப்பீல் போடலாம்." இது குடியைக் கெடுக்கும் யோசனை.

நீங்கள் போகாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் வழக்காளியை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கொடுக்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 88ஆம் பிரிவின்படி அந்தத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது. திறந்திருக்கும் வாசல் 86ஆம் பிரிவு. தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாளுக்குள், வழக்காளிக்கும் அறிவித்து, அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வராததற்கு நியாயமான காரணத்தையும் காட்ட வேண்டும். ஒளிந்திருந்தது காரணமாகாது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அந்தக் கட்டளைக்கு எதிராகத்தான் மேன்முறையீடு.

காசோலைக் கடனைச் சுருக்க நடவடிக்கையில் போட்டால் இன்னும் இறுக்கம்: நீதிமன்றம் அனுமதித்தால்தான் எதிர்வாதமே செய்யலாம்.

சட்டத்திலும் எனக்குக் குறை உண்டு. வீடு வளவு பறிபோகக்கூடிய விடயத்தில், நாட்கணக்கில் கடலில் நிற்பவருக்கு 14 நாள் போதாது. அந்தக் கெடுவைத் தீர்ப்பாணையின் தலையிலேயே, தெளிந்த தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும்.

அதுவரை நாமே விழிப்பாக இருப்போம். நீதிமன்றக் கடிதம் வந்தால் கிடைத்த திகதியை அதில் எழுதுங்கள். அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.