கட்சிக்காரர் என்றால் தனிக் கணக்கா?



பிள்ளைகள் காலேஜ் டூர் போகிறார்கள் என்றால் நம் வீடுகளில் எதற்கெல்லாம் கவலைப்படுவோம்? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, டிரைவர் நிதானமாக ஓட்டுவாரா என்று கேட்போம். அன்றைக்கு எந்தத் தலைவருக்கு எந்தக் கோர்ட்டில் தீர்ப்பு வருகிறது என்று பார்த்தா அனுப்புகிறோம்?

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் அ.தி.மு.க. பொதுச் செயலாளர் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை அறிவிக்கப்பட்ட நாள். தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு அ.தி.மு.க.வினர் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உடல் கருகி இறந்தார்கள்.

ஓட்டல் வழக்கின் அப்பீல் 2001-லேயே முடிந்து, ஜெயலலிதா விடுதலையானார். பஸ் எரிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது எப்போது தெரியுமா? 2007-ல்!

ஏன் இந்தத் தாமதம்? முதலில் கிருஷ்ணகிரியில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்சாட்சியானார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே ஊரில், ஆளுங்கட்சிக்காரர்களுக்கு நடுவே குடும்பம் நடத்த வேண்டியவர்கள் அவர்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதன்பிறகுதான் வழக்கு சேலத்துக்கு மாறி, விசாரணை புதிதாகத் தொடங்கியது. அவர் சோர்ந்துபோயிருந்தால்?

குற்றவாளிகள் மூவருக்குத் தூக்கு விதித்தது சேலம் நீதிமன்றம். 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016-ல், கூட்ட வெறியில் நடந்தது, கொல்லும் திட்டம் முன்கூட்டியே இல்லை என்று அதே உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. உயிருக்கு உயிர் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தூக்கு ரத்தானதில் வருத்தமும் இல்லை.

என் வருத்தமெல்லாம் 2018 நவம்பரில் நடந்ததைப் பற்றித்தான். எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி மூவரும் முன்கூட்டியே விடுதலையானார்கள். ஆளுநர் முதலில் திருப்பி அனுப்பிய கோப்பை மறுபடி அனுப்பி, விடுதலைக்குப் பரிந்துரைத்தது அ.தி.மு.க. அரசு. தன் கட்சிக்காரர் செய்த குற்றத்துக்குத் தன் கட்சி அரசே கருணை காட்டலாமா?

ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். தி.மு.க. தலைவர் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக 2007 மே 9-ல் மதுரை தினகரன் நாளிதழ் அலுவலகத்தில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். வேலைக்குப் போயிருந்த மூன்று ஊழியர்கள் வீடு திரும்பவில்லை. அப்போது நடந்தது தி.மு.க. ஆட்சி. 2009-ல் குற்றம்சாட்டப்பட்ட 17 பேரையும் கீழ்க்கோர்ட் விடுவித்தது. இறந்தவர்களில் ஒருவரின் தாயும் உயர் நீதிமன்றப் படியேறினார். 2019-ல் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் கடைசியில் கண்ணைத் திறந்தே பார்த்தது. நீதி தடுமாறியது அதற்கு முன்னும் பின்னும்தான்: சாட்சி கூண்டேறும்போது, கோப்பு கோட்டையிலிருந்து நகரும்போது. அப்பாவும் அம்மாவும் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தால்தான் நியாயம் என்றால், வசதியும் தெம்பும் இல்லாத வீட்டுக்கு என்ன வழி?

அரசியல் வன்முறைக் கைதிகளின் முன்விடுதலையை, அவர்கள் சார்ந்த கட்சியின் அரசு முடிவு செய்யக் கூடாது. நீதிபதிகள் குழுவிடம் அதை விட்டுவிட வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இதைக் கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்திருக்கிறது. மிரட்டல் வந்தால், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு சாட்சியோ குடும்பத்தினரோ மனு கொடுக்கலாம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் பயந்து வாய் மூடியிருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்