இரண்டாவது படத்துக்கும் வழி விடுங்கள்

கொரியக் குடியரசின் பண்பாட்டு அமைச்சருக்கும் கொரியத் திரைப்பட மன்றத்தாருக்கும்,

உங்கள் நாட்டுப் படங்களை நேசிக்கும் தமிழ்நாட்டு ரசிகனின் வேண்டுகோள் இது.

இயக்குநர் பாங் ஜூன் ஹோவின் முதல் படம் 2000-இல் வந்து வசூலில் தோற்றது. தயாரிப்பாளர் சா சங் ஜே அவரைக் கைவிடவில்லை. 2003-இல் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ பிறந்தது. இயக்குநர் பார்க் சான் வூக்கின் முதல் இரண்டு படங்களும் ஓடவில்லை. மூன்றாவதுதான் அவரை நிலைநிறுத்தியது. தோற்றவர்களை மறுபடி நம்பிய அந்தத் துணிவுதான் 2020-இல் பாங்கின் ‘பாரசைட்’ வழியாக நான்கு ஆஸ்கர்களை ஈட்டித் தந்தது.

இன்று அந்தத் துணிவு வற்றிவருகிறது. 2019-இல் உங்கள் திரையரங்குகளில் ஏறத்தாழ 22.7 கோடி டிக்கெட்டுகள் விற்றன, 2024-இல் 12.3 கோடிதான். கூட்டம் குறைந்தால் முதலீட்டாளர் பெரிய நடிகரையும் ஓடிய படத்தின் அடுத்த பாகத்தையும் தேடிப் போகிறார். புதியவரின் கதை மேசையிலேயே கிடக்கிறது. ஓடிடி நிறுவனங்கள் உலகப் பார்வையாளர்களைத் தருகின்றன. ஆனால் பல ஒப்பந்தங்களில் உரிமை அவர்களிடமே போய்விடுவதால், வெற்றியின் லாபம் அடுத்த கொரியப் படத்துக்கு வந்து சேர்வதில்லை.

இந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டிய அரசு, 2024-இல் திரைப்பட விழாக்களுக்கான உதவியைப் பாதியாக வெட்டியது. வட்டாரப் படங்களுக்கான உதவியை நிறுத்தியது. இயக்குநர் கிம் போராவின் ‘ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்’ 2018-இல் பூசான் விழாவில் அறிமுகமாகி, மறு ஆண்டு பெர்லினில் பரிசு பெற்றது. விழாக்கள் மெலிந்தால் அத்தகைய படங்கள் உலகின் கண்ணில் படுவது எப்படி? டிக்கெட் விலையில் 3 சதவீதம் பிடித்துத் திரைப்பட வளர்ச்சிக்குத் தரும் ஏற்பாடும் 2025 தொடக்கத்தில் ரத்தாகி, பிறகு நாடாளுமன்றத்தால் மீட்கப்பட்டது. முன்னாள் அதிபர் பார்க் கியுன் ஹே ஆட்சியில் அரசு உதவியிலிருந்து விலக்கிவைக்கப்பட்ட கலைஞர்களின் கறுப்புப் பட்டியலில் பாங் ஜூன் ஹோ, பார்க் சான் வூக் இருவர் பெயரும் இருந்ததை நாடறியும். ஆட்சி மாறும்போதெல்லாம் கலைஞரின் பிழைப்பு ஆடக்கூடாது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். 3 சதவீத நிதியில் ஒரு பங்கை இயக்குநர்களின் முதல், இரண்டாம் படங்களுக்கெனச் சட்டப்படி ஒதுக்குங்கள். விழாக்களுக்கும் வட்டாரப் படங்களுக்கும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து நிதி உறுதி தாருங்கள். ஒரே படம் பெரும்பாலான திரைகளைப் பிடித்துக்கொள்ளாதபடி வரம்பு வகுங்கள்.

முதல் படத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் பணம் தேடி அலையும் இளைஞர்களுக்கு, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு திரை ரசிகன்