வடுகபட்டிச் சொற்களும் கணிப்பொறியும்

தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டி, வெள்ளைப்பூண்டுச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு அங்கு வந்திறங்கி, வகைபிரிந்து, விலையாகிப் பிறவூர்களுக்குச் செல்கின்றது. விளைப்போரும் சுமப்போரும் தரகரும் வணிகரும் கூடும் அத்தகைய சந்தை, பூண்டுக்கு மட்டுமன்றிச் சொல்லுக்கும் களஞ்சியமாகும். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகமும் கம்பம் பள்ளத்தாக்கின் கொடிமுந்திரித் தோட்டங்களும் அங்ஙனமே. தொழிலோர் நாவில் மட்டும் வாழும் இச்சொற்களை ஓர் ஆய்வுமாணவர் தொகுக்கப் புகுந்தார் எனக் கொள்க.

ஈராண்டு அலைந்து தொகுப்பார். தொகுத்ததைத் தட்டச்சுக் கடையில் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்து வாங்குவார். கட்டமைத்த படிகளைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துப் பட்டமும் பெறுவார். பத்தாண்டு கழித்து வேறொரு மாணவர் அதே சந்தைக்கு அதே சொற்களைத் தேடி வருவார். முன்னவர் தொகுத்தது அவர் கண்ணிற் படாது. என்னை? அத்தொகுப்பு எந்தத் தேடுபொறிக்கும் எட்டாத வெறும் படமாகக் கிடக்கின்றது. இங்கு உழைப்பில் குறையில்லை. கருவியைக் கையாண்ட முறையிலேயே குறை.

மொழிஞாயிறு பாவாணர், செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக 1974-இல் அமர்த்தப்பெற்றபோது, அவர்க்குத் துணைநின்றவை தாளும் தூவலும் நினைவாற்றலுமே. 1981-இல் அவர் மறைந்தார். அகரமுதலியின் முதன் மடலத்து முதற்பாகமோ 1985-இல்தான் வெளிவந்தது. அப்பேரறிஞர் ஏடேடாகப் புரட்டித் தேடியவற்றை இன்று ஒரு நொடியில் தேடித் தரும் பொறி மாணவர் மடியிலேயே இருக்கின்றது. அதனை வெறும் தட்டச்சுப் பொறியாக மட்டும் ஆளுதல் இரங்கத்தக்கது.

முதற்கண் அறிய வேண்டுவது, எழுத்து வேறு, எழுத்துரு வேறு என்பதாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்குங்கால், கணிப்பொறி உள்ளே பதிந்துகொள்வது ஆங்கில எழுத்துகளின் எண்களையே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் முகமூடியாகப் போர்த்தப்படுகின்றது. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், தமிழ் என்னும் சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பல்லிளிக்கும்! ஒருங்குறியில் அடித்தது அவ்வாறாகாது. 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டுமென்று தமிழ்க் கணிஞர் வழக்காடியது நேரியதே. அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. ஆயினும் உலகத்துப் பொறிகள் இன்று பேசுவது ஒருங்குறியே. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களை மயிலை எழுத்துருவிலிருந்து திசுக்கிக்கும், அதினின்று ஒருங்குறிக்கும் அடுத்தடுத்து மாற்ற நேர்ந்தது. அவ்விரட்டை உழைப்பு இனிவரும் ஆய்வாளர்க்கு வேண்டா. பழைய கோப்பு வைத்திருப்போர் விலையின்றிக் கிடைக்கும் மாற்றிகளால் இன்றே மாற்றிக்கொள்க.

தட்டும் முறையும் தமிழாக இருத்தல் வேண்டும். அம்மா என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழாக மாறக் காண்பவர், ஒவ்வொரு தமிழ்ச்சொல்லையும் ஆங்கிலத்தில் நினைத்துப் பழகுகின்றார். 1999-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகையில், உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமையும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். சில கிழமைப் பயிற்சி போதும்.

இனித் தேடுதல். கழகப் பாடல்களின் ஒவ்வொரு சொல்லும் எவ்வடியில் வந்துள்ளது எனக் காட்டும் தொடரடைவை, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ப. பாண்டியராசா கணிப்பொறியின் துணையால் அமைத்து இணையத்தில் அனைவர்க்கும் திறந்து வைத்துள்ளார். வடுகபட்டியின் பெயரிலுள்ள வடுகு என்பதன் பழமையை ஆய்வோர் அங்குத் தேடின், நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் வடுகர் தோன்றுவர். ஆனால் வடுகர் என்று தொடங்கும் சொல்லை மட்டும் தேடுவார், புறநானூற்று 378-ஆம் பாட்டில் வடவடுகர் எனச் சேர்த்துப் பதித்த இடத்தைத் தவறவிடுவார். வடு என்று மட்டும் தேடுவாரோ, தழும்பையும் மாம்பிஞ்சையும் சேர்த்தள்ளுவார். பூண்டு என்று தேடின், அணிந்து எனப் பொருள்தரும் வினையெச்சமும் வந்து குவியும். வெள்ளுள்ளி என்னும் பழம்பெயரோ வராது. பொறி எழுத்தை அறியும், பொருளை அறியாது. ஆகவே தேடும் முன் ஒரு சொல்லின் மறுபெயர்களையும் புணர்ச்சித் திரிபுகளையும் தாளில் எழுதிக்கொள்க. பூண்டை, பூண்டின் என்பனவும் அகப்படல் வேண்டின், ஈற்று உகரத்தை விட்டுப் பூண்ட என்று தேடுக. தொல்காப்பியப் புணரியல் கற்றவர்க்கு இதில் இயல்பாகவே ஒரு மேலாண்மை உண்டு. கணிப்பொறி கற்ற இளைஞர் பலர்க்கு அது வாய்ப்பதில்லை.

கேட்டவுடன் விடைசொல்லும் செய்யறிவுப் பொறிகளைப் பற்றியும் ஒரு சொல். இல்லாத பாட்டுக்கு எண்ணும் இல்லாத நூலுக்குப் பக்கமும் சொல்ல அவை கூசுவதில்லை. மூலநூலைத் திறந்து காணாமல் அவற்றின் கூற்றை ஆய்வேட்டில் ஏற்றற்க.

தொகுத்த சொற்களை விரிதாளில் வரிக்கு ஒரு சொல்லாக இடுக. பொருள், சொன்னவரின் தொழில், அகவை, ஊர், கேட்ட நாள் ஆகியவற்றிற்குத் தனித்தனி நிரல் வேண்டும். ஒலிப்பதிவுக் கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் பெயரிட்டால் அவை தாமே காலமுறையில் அடுங்கும். பின் அகரவரிசைப்படுத்துங்கால் ஓர் இடர் காத்திருக்கின்றது. ஒருங்குறியின் எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கு அன்று. அங்குச் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே வடவெழுத்தொன்று புகுந்திருக்கின்றது. றகரமும் னகரமும் கடைசியில் நில்லாமல் முறையே ரகரத்தையும் நகரத்தையும் அடுத்து நிற்கின்றன. வரிசைப்படுத்தும் முன் மென்பொருளின் மொழித் தெரிவில் தமிழ் என்பதைக் குறித்தல் வேண்டும். இதனை மறந்து அச்சிட்ட சொற்பட்டியலில் தமிழ் மாணவர் பல சொற்களை உரிய இடத்தில் காணமாட்டார்.

பழைய நூல்களின் ஒளிப்படத்தை எழுத்தாக்க, டெசராக்ட் என்னும் விலையில்லாக் கருவி தமிழும் படிக்கும். எனினும் துணைக்காலை ரகரமாகப் படித்தல் அதன் பழக்கம். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முற்பட்ட நூல்களில் துதிக்கை வளைந்த ணை, லை, னை வடிவங்களில் அது மிகத் தடுமாறும். வரிவரியாக மெய்ப்புப் பாராமல் அதனை நம்புதல் கூடாது. மேற்கோள் நூற்பட்டியை ஒழுங்குசெய்ய சோட்டெரோ என்னும் மென்பொருள் உதவும். அது மேலைநாட்டு வழக்கப்படி முற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டம் காட்டும். தமிழர்க்குக் குடும்பப்பெயர் ஏது? ஒற்றைக் கட்டத்திற்கு மாற்றி, தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் அதில் இடுக. இன்றேல் தந்தைபெயரின் முதலெழுத்து ஆய்வாளரின் இயற்பெயராகிவிடும்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981-இல் எரியூட்டப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு படியில்லாச் சுவடிகள் மீளவே இல்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி எவரும் காணப் பொதுவில் வைத்து வருகின்றது. ஆய்வாளர் தம் கோப்பை மூன்று படியாக வைத்துக்கொள்க: ஒன்று கணிப்பொறியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேற்றூரிலோ இணையச் சேமிப்பிலோ. சொற்பட்டியலை எந்த மென்பொருளும் திறக்கவல்ல வெற்றுரையாகவும் ஒருபடி சேமித்திடுக. ஆய்வேட்டின் மின்படியையும் தருமாறு பல்கலைக்கழக நல்கைக்குழு 2009-இல் விதி வகுத்தது. அவை காந்திநகரிலுள்ள சோத்கங்காவில் ஏற்றப்படுகின்றன. அங்குச் செல்லும் படி, தாளைப் படமெடுத்ததாக இல்லாமல், ஒருங்குறியில் அடித்த கோப்பிலிருந்தே ஆக்கியதாக இருக்கின்றதா என்பதை ஒப்படைக்கும் நாளிலேயே மாணவர் பார்த்துக்கொள்க. ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.