இந்த வாயு வேறு!

நான் சித்த வைத்தியன். 2020-ல் உத்திரமேரூரில் கேட்டவர்களுக்கெல்லாம் கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தவன். நானே சொல்கிறேன், கேளுங்கள்.

கொரோனா முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு நுரையீரல் நொந்திருக்கும். 2021 இரண்டாம் அலையில் பார்த்தோமே, வென்டிலேட்டர் வைக்காத சிலருக்கும் நுரையீரல் கிழிந்து, காற்று கசிந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி நுரையீரலையே அமுக்கியது. வீடு திரும்பிய பிறகும் வரலாம். திடீரென ஒரு பக்கம் சுருக்கென்று வலி, மூச்சு முட்டல். சிலருக்குக் கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறக்கும்.

'வாயுப் பிடிப்புதான், ஓமத் தண்ணி குடு' என்பார் வீட்டுப் பெரியவர். வேண்டாங்க! இது கஷாயத்துக்கு அடங்காது. காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், தேவைப்பட்டால் விலாவில் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றுவார்கள்.

குணமான கையோடு பிராணாயாமம் வேறு ஆரம்பிக்கிறார்கள். மூச்சை அடக்கும் பயிற்சி மட்டும், நெஞ்சு டாக்டர் சரி என்கிறவரை கூடாது.