வரி போச்சு, கடன் நிறுவனம் நிக்குது

கூட்டணி ஆட்சின்னாலே "எல்லாம் பேரம் சார்"னு முகம் சுளிக்கிறவங்க எங்க பிராஞ்ச்ல நிறைய. ஹிந்தியிலும் அதே அலுப்புதான். அவங்களுக்கு நான் சொல்றது ஆஸ்திரேலியா கதை.

2010 தேர்தல்ல 150 இடத்துல லேபர் கட்சிக்கு 72. பசுமைக் கட்சி எம்.பி. ஒருத்தர், சுயேச்சைகள் மூணு பேர் தயவுல ஜூலியா கில்லார்ட் பிரதமரா நீடிச்சார். கார்பன் வரி வராதுன்னு தேர்தலுக்கு முன்னாடி சொன்னவர், இவங்களோட உக்காந்து பேசி, 2011 அக்டோபர்ல 74-72ன்னு கீழ்சபையில் சட்டத்தை நிறைவேத்தினார். 2012 ஜூலையிலிருந்து டன்னுக்கு 23 டாலர். வாக்கு மாறிட்டார்னு எதிர்க்கட்சி பிடிச்சுக்கிச்சு (கோபம் நியாயம்தான்). 2014-ல டோனி அபாட் அரசு ரத்து பண்ணிடுச்சு. மின் நிலையத்துக்கு 15 வருஷக் கடன் கேட்டு வர்றான். 2 வருஷச் சட்டத்தை நம்பி எவன் சாங்ஷன் போடுவான்?

ஆனா அதே பேரத்துல பசுமைக் கட்சி இன்னொண்ணும் கேட்டு வாங்கிச்சு. சுத்தமான எரிசக்திக்குக் கடன் கொடுக்க, 1,000 கோடி டாலர்ல ஒரு அரசு நிதி நிறுவனம். அதையும் மூடத்தான் அபாட் பார்த்தார். கீழ்சபையில் பெரும்பான்மை, செனட்ல இல்லை. வரியை ஒழிக்க ஓட்டுப் போட்ட பால்மர் கட்சியே இதுக்கு மாட்டேன்னுடுச்சு. இன்னைக்கும் கடன் கொடுத்துட்டு இருக்கு. லேபர் தனியா ஜெயிச்சிருந்தா இது பிறந்தே இருக்காதுங்கிறது என் கணக்கு.